டியூப்லைட் வெயில்

அடிஸ்கேலை டப்பாவின் மண்ணில் ஊன்றி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார் சத்தியநாதன். ஏழரை அங்குலம். போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அளந்தபோது ஐந்தே முக்கால்தான் இருந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் குந்தியிருந்த மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து டப்பாவையும் அளந்தார். அதற்கடுத்ததையும் அளந்தார். எல்லாமே உயர்ந்திருந்தன. நாற்பத்திரண்டு வயதில், கிண்டியில் ஒரு கம்பெனியில் ஹெட்கிளார்க்காக இருக்கிற ஆள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போகாமல் கள்ளிச்செடிகளுக்கு உயரம் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நல்லவேளை, பார்க்க ஆளில்லை. ஜன்னல் என்று ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு முழம் தள்ளி அடுத்த வீட்டின் பூசாத சுவர் இருந்தது.

குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிஷ நடையில் பொன்னுசாமி புதிதாகக் கட்டியிருந்த கட்டடம் அது. கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. மேலே ஒன்றில் பொன்னுசாமியே குடும்பத்தோடு இருந்தார். "போர்ஷன்னு சொல்லாத சார், ஃபிளாட்" என்று யார் வந்தாலும் திருத்துவார். லாரி ஆபீஸ் வைத்திருந்த மனிதர், பம்பாய்க்கு நாலு தடவை போய் வந்தவர், அங்கே பார்த்ததை இங்கே கட்டிவிட்டார். காற்றையும் வெளிச்சத்தையும் பம்பாயிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது. சத்தியநாதனின் கீழ் ஃபிளாட்டில் நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட்டால்தான் சட்டைப் பித்தான் தெரியும்.

அந்த இருட்டில்தான் முப்பத்தொரு டப்பாக்கள் இருந்தன. பால்பவுடர் டப்பா, டால்டா டப்பா, வாய் உடைந்த மண்தொட்டி. எல்லாவற்றிலும் கள்ளி வகைகளும் கற்றாழை வகைகளும், இலை தடித்துச் சதைப்பிடிப்பாக இருக்கிற, பேர் வாயில் நுழையாத சின்னச் சின்னச் செடிகளும். ஒவ்வொன்றிலும் ஓர் ஐஸ் குச்சி செருகி, அதில் செடியின் பேரும் வந்த தேதியும் எழுதியிருந்தது. எழுத்து தபீதாளுடையது. சத்தியநாதனின் மனைவி. தாம்பரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சயன்ஸ் டீச்சர். பிள்ளை இல்லாத வீட்டில் பன்னிரண்டு வருஷமாக அவள் சேர்த்தது இந்தச் செடிகளைத்தான். இப்போது ஏழு மாதமாக அவள் காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுக்கையில் இருந்தாள்.

டியூப்லைட் யோசனை ஆபீஸில் ராஜாராமன் கொடுத்தது. ராஜாராமன் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் படிக்கிறவர். "பனி நாட்டுல சூரியனே கெடையாது சார், வீட்டுக்குள்ளயே டியூப்லைட்டைப் போட்டுச் செடி வளக்கறான். செடிக்கு என்ன தெரியும், வெளிச்சம்னா வெளிச்சம்" என்றார். அன்று சாயங்காலமே நாலடி டியூப்லைட் ஒன்றும் சோக்கும் வாங்கிக்கொண்டு வந்து, உள்ளறையில் ஃபேனுக்கென்று விட்டிருந்த கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார் சத்தியநாதன். நடமாடும்போது தலையில் இடித்துவிடக் கூடாதே என்று உயரத்தில் கட்டினார். கீழே பலகை போட்டு டப்பாக்களை வரிசையாக அடுக்கினார். காலையில் ஆறு மணிக்குப் போட்ட விளக்கை ராத்திரி படுக்கப்போகும்போதுதான் அணைப்பார். ஆபீஸ் போகும்போதும் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த வருஷம் கரண்ட் கட் பலமாக இருந்தது. விளக்கு அணைந்த நேரத்தையெல்லாம் மனசுக்குள் குறித்துவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாக எரியவிட்டு ஈடுகட்டுவார். பட்ட கடனை அடைப்பதைப் போல அதைச் செய்தார். உண்மையில் அது ஒரு பயம். தபீதாள் திரும்பி வருகிறபோது இந்தச் செடிகள் உயிரோடு இருந்துவிட்டால் மற்றதையெல்லாம் அவள் மன்னித்துவிடுவாள் என்று அவருக்கு எப்படியோ ஒரு நம்பிக்கை.

மற்றது என்றால் சாதாரணமில்லை. மனுஷன் இரண்டு பெரிய பொய்களை இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார்.

மேற்குத் தாம்பரத்தில் ஏசுபாதத்தின் வீட்டில் அவர்கள் ஒன்பது வருஷம் குடியிருந்தார்கள். பின்பக்கம் திறந்த முற்றம், காலை எட்டிலிருந்து நாலு வரைக்கும் வெயில். செடிகள் அங்கேதான் வளர்ந்தன. தபீதாளுக்கு இருமல் வந்து, படம் எடுத்து, சானடோரியத்தில் சேர்த்த இரண்டாம் மாதம் ஏசுபாதம் வந்தார். ஒரே சபைக்காரர், கமிட்டி மெம்பர். உட்கார்ந்து கண்ணை மூடி உருக்கமாக ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நம்ம பிள்ளைதான் அவ. ஆனா வீட்டுல பேரப்பிள்ளைங்க வந்து போகுது. திரும்பி இங்கயே வந்தான்னா கஷ்டம். மாசக் கடைசிக்குள்ள பாத்துக்குங்க" என்றார். அடுத்த ஞாயிறு தபீதாளின் பேரை ஜெபக் குறிப்பில் அவரே எழுதிக்கொடுத்து, போதகர் ஐயரும் அதைச் சபைக்கு முன்னால் வாசித்தார். அதோடு சத்தியநாதன் அந்தக் கோயில் பக்கம் போவதை விட்டுவிட்டார்.

இதை நோயில் கிடக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வீடு மாறியதையே சொல்லவில்லை. ஏசுபாதம் எப்படி இருக்கிறார், முற்றத்தில் முருங்கை காய்த்ததா என்று அவள் கேட்கக் கேட்க, நன்றாக இருக்கிறார், காய்த்தது என்று இவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இது ஒரு பொய். இன்னொன்று குரோம்பேட்டையில். பார்த்த நாலு வீட்டில் மூன்றில் உண்மையைச் சொல்லி, மூன்றிலும் கதவு சாத்தியாகிவிட்டது. நாலாவதாக பொன்னுசாமி வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி செல்லம்மா, "ஒண்டியாவா கீறீங்க? சம்சாரம்?" என்று கேட்டாள். "நாசரேத்துல டீச்சர். டிரான்ஸ்ஃபர் கெடைக்கல" என்று வாய் சொல்லிவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற நாசரேத்து அவள் பிறந்த ஊர்தான். ஆனால் அவள் படுத்திருந்ததோ அடுத்த ஸ்டேஷனில். குரோம்பேட்டையை விட்டால் சானடோரியம். மின்சார ரயிலில் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கும்.

செல்லம்மா நல்ல மனசுக்காரி. அதுதான் சத்தியநாதனுக்குப் பெரிய இம்சை. வாரத்தில் நாலு நாள் ஒரு கிண்ணத்தில் ஏதாவது வந்துவிடும், மீன்குழம்போ கீரையோ. அவளுடைய மகள் பேபி, ஐந்து வயது, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி வருவாள். டியூப்லைட் ரகசியமும் செல்லம்மாவுக்குத் தெரியும். பூட்டின வீட்டில் பகலெல்லாம் வெளிச்சம் தெரிகிறதே என்று ஆரம்பத்தில் அவளுக்கு ஒரே சந்தேகம். "இன்னா சார், உள்ள யாரையாவது வெச்சிக்கினு கீறீங்களா?" என்று நேராகவே கேட்டாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கள்ளியைப் போய் யாராவது வூட்டுக்குள்ள வெப்பாங்களா? குடும்பத்துக்கு ஆவாது சார் அது. மொட்டமாடில வெச்சிக்கங்கன்னு சொல்லலாம்னா, அங்க நான் வத்தல் காய வெக்கிற எடம். வேணாம்."

"சம்சாரம் ஆசையா வளத்ததுங்க."

"அதான் அவங்க ஒரு ஊரு, நீங்க ஒரு ஊருன்னு கீறீங்க" என்றாள் செல்லம்மா, கிண்டலாகத்தான். சத்தியநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழரை அங்குலத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பார்வை நேரத்துக்குக் கிளம்பினார். கையில் பைபிள். சாயங்கால ஆராதனைக்குப் போகிறார் என்று செல்லம்மா நினைத்துக்கொள்வாள். ஐந்து நிமிஷத்தில் சானடோரியத்தில் இறங்கி, வேப்பமரங்களுக்கு நடுவே நடந்து பெண்கள் வார்டுக்குப் போனார். சுற்றிலும் அகலமாகத் திறந்த ஜன்னல்கள். கட்டிலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. தபீதாள் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தில் சதை போட்டிருந்தது. போன மாதத்தைவிட இரண்டு கிலோ ஏறியிருக்கிறதாம்.

"செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கு. நீ கொடைக்கானல்லேர்ந்து கொண்டாந்தியே, ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கா. அது இப்ப எவ்வளவு உசரம் சொல்லு. ஏழரை அங்குலம்."

பின்னலில் இருந்த கை நின்றது. "அதா? அது தரையோட தரையா கெடக்கற சாதிங்க."

"நான் பாத்துக்கற விதம் அப்படி."

"முத்தத்துல வெயில் நல்லா விழுதா?"

"காலைல ஆறு மணிலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும்" என்று சொல்லவந்து, பாதியில் சுதாரித்து, "சாயங்காலம் வரைக்கும்" என்று முடித்தார். தபீதாள் அவரையே பார்த்தாள். பிறகு பின்னலை முடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவை சளி எடுத்துப் பார்த்தும் கிருமி இல்லை. மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட வேண்டும். வருகிற சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்.

"ஒட்டாதாம்ங்க இனிமே. பெரிய டாக்டரே சொன்னார். பக்கத்துல படுத்தாலும் ஒட்டாதாம்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஏழு மாதமாக அவர் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்படித்தான் உட்கார வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர், எந்த வீட்டுக்கு என்று யோசித்துக்கொண்டே சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சிரித்தார். சிரித்ததாக நினைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை வரும்போது அந்தச் செடியக் கொண்டாங்க" என்றாள் தபீதாள், அவர் எழுந்தபோது.

"அதான் வீட்டுக்கு வரப்போறியே."

"கொண்டாங்க."

அந்த வாரம் எப்படிப் போனது என்று சத்தியநாதனைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. திங்கட்கிழமை செல்லம்மாவிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் படியேறினார். பொன்னுசாமி வீட்டில் இருந்தார், அதனால் ரேஷன் கார்டைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை தொண்டை வரைக்கும் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. புழுக்கத்துக்குச் செல்லம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். பேபி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தாள். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று சத்தியநாதனும் வாசலில் வந்து நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்து ஒருத்தர் எதுர் ஃபிளாட்டு கேட்டு வந்தாரு சார். சானடோரியத்துல வேல செய்றாராம். வேணாம்னு அனுப்ச்சிட்டேன். எங்க வூட்டுக்காரரு திட்றாரு, வேல செய்றவனுக்கு இன்னாடி நோவுன்னு. எனக்குன்னா மனசு ஒப்பல."

சத்தியநாதன் கதவில் சாய்ந்து நின்றார்.

"எங்க அக்கா அதுலதான் போச்சு. அப்போ எனக்கு பத்து வயசு. ஒரு குடிசைல தனியா போட்டு வெச்சிருந்தாங்க. கிட்ட போவ வுடமாட்டாங்க. நான் தூரமா நின்னு அக்கா அக்கான்னு கூப்புடுவேன். அது கை மட்டும் ஆட்டும்." விசிறியை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "தப்புன்னு எனக்கும் தெரியுது சார். ஆனா இது கீதே" என்று மடியில் இருந்த குழந்தையின் வேர்த்த நெற்றியைத் துடைத்தாள்.

கோபம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஏசுபாதத்தின் மேல் வந்ததே, அந்த மாதிரி ஒரு கோபம். வரவில்லை. இவள் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் செய்வேனோ என்று தோன்றியது, அது தோன்றியதும் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. உள்ளே போய் இருட்டில் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கரண்ட் வந்து டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

அந்த முடிவைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை தபால் ஆபீஸுக்குப் போய் நாசரேத்தில் இருக்கிற மைத்துனர் ஜீவரத்தினத்துக்குத் தந்தி கொடுத்தார், தபீதாள் ஓய்வுக்காக வருகிறாள் என்று. வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு எழும்பூர் போய், சனிக்கிழமை சாயங்காலத் திருநெல்வேலி ரயிலுக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். தாம்பரத்தில் ஏற்றிவிட்டுவிடலாம். ஆறு மாதம் ஊர்க்காற்று அவளுக்கும் நல்லது. அதற்குள் வேறு வீடு பார்த்துவிடலாம். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. சட்டைப்பையில் டிக்கெட்டை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் நல்லது என்று நூறு தடவை சொல்லிக்கொண்டார். நூறு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் செடியை டப்பாவோடு துணிப்பையில் வைத்து எடுத்துப்போனார். டப்பாவில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தில் பை நனைந்திருந்தது. தபீதாள் வார்டுக்கு வெளியே வராந்தா பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுக் கரை போட்ட மெல்லிய வாயில் துணிச் சேலை. காலடியில் தகரப் பெட்டி, தோளில் ஒரு பை. புறப்பட்டு ரொம்ப நேரமாகியிருக்க வேண்டும். இவர் பெருமையோடு செடியை எடுத்துப் பெஞ்சியின் மேல் வைத்தார்.

அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுக்கடுக்காக நெருங்கியிருக்க வேண்டிய இலைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில், நீளமான வெளுத்த தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரலால் மெல்ல நிமிர்த்தினாள். விட்டதும் மறுபடி சாய்ந்தது.

"எந்த வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டாள்.

சத்தியநாதனுக்கு முதலில் புரியவில்லை. "என்ன கேக்கற?"

"வெயில் இல்லாத எடத்துல வெச்சா இது இப்படித்தான் நீளும். எங்கயாவது வெளிச்சம் கெடைக்காதான்னு இழுத்துக்கிட்டே போவும், உள்ள சத்து இருக்கறவரைக்கும். நீங்க அதை ஸ்கேல் வெச்சி அளந்திருக்கீங்க." குரலில் கோபம் இல்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரல்தான். "போன வாரம் ஏழரைன்னு சொன்னப்பவே தெரிஞ்சிபோச்சு, நீங்க நம்ம முத்தத்துல இல்லைன்னு. ஆறு நாளா யோசிக்கறேன், எங்க இருக்கீங்கன்னு."

சொல்லிவிட்டார். ஏசுபாதத்தையும் அவர் ஜெபத்தையும் சொன்னார். மூன்று வீட்டுக் கதவுகளைச் சொன்னார். ஃபிளாட்டை, டியூப்லைட்டை, ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டலை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. டியூப்லைட்டைத் தலை இடிக்காத உயரத்தில் கட்டியதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. "ஒரு சாண் ஒசரத்துல கட்டியிருக்கணும். கிட்ட வெச்சாத்தானே அதுக்குப் போய்ச் சேரும்" என்றாள்.

"அவங்ககிட்ட என்னைப்பத்தி என்ன சொல்லியிருக்கீங்க?"

அதையும் சொன்னார். நாசரேத்து என்றதும் சிரிப்பு போய்விட்டது. அடுத்த ஸ்டேஷன் இருக்கிற திசையில் திரும்பி, மரங்களுக்கு மேலே பார்த்தாள். பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை, இருபது ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட்டாளோ என்னவோ. சத்தியநாதன் அவசர அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தார். ஜீவரத்தினத்துக்குத் தந்தி கொடுத்திருக்கிறது, ஆறே மாதம், ஊர்க்காற்று, அதற்குள் வேறு வீடு என்று மனப்பாடம் பண்ணியதையெல்லாம் ஒப்பித்தார். அவள் முழுதும் கேட்டாள். டிக்கெட்டை வாங்கி, ஊர்ப் பேரை வாசித்தாள்.

"நான் நாசரேத்துல இருக்கேன்னு சொல்லிட்டீங்க. இப்ப என்னைக் கொண்டுபோய் அங்கயே வெச்சு, சொன்னதை நெசமாக்கப் பாக்கறீங்க."

அவர் காலியான துணிப்பையைச் சின்னதாக மடித்தார். வார்டுக்குள் யாரோ இருமினார்கள். நர்ஸ் ஒருத்தி ட்ரேயோடு அவர்களைத் தாண்டிப் போனாள்.

"ஏழு மாசம் இங்க இருந்தது எனக்கு வெக்கமா இல்லீங்க" என்றாள் தபீதாள். "பக்கத்து கட்டில்ல ரெண்டு பேரு செத்துப் போனாங்க. நான் பொழச்சிருக்கேன். என்னை ஏன் ஒளிக்கறீங்க?"

டிக்கெட்டை அவர் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகிவிட்டு எழுந்தாள். செடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். வராந்தாவை விட்டு இறங்கும்போது வெயில் பட்டதும் சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடினாள். இத்தனை நாள் வெயில் பார்க்காதது, திடீரென்று பட்டால் வெந்துவிடும் என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தியநாதன் பின்னால் நடந்தார். டிக்கெட் ஜன்னலில் அவர் எந்த ஊருக்கு என்று தயங்கி நிற்க, அவளே குனிந்து, "குரோம்பேட்டைக்கு ரெண்டு" என்றாள்.

ரயிலில் அவர்கள் பேசவில்லை. பேசுகிற அளவுக்கு அது தூரமும் இல்லை. இறங்கி நடந்த ஏழு நிமிஷத்தில் தெருவில் எத்தனை வீடு என்று முதல் தடவையாக எண்ணினார். பொன்னுசாமி வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, எல்லாரும் பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இந்த மாதிரி ஜெபத்தையெல்லாம் கர்த்தர் கேட்பாரா?

கேட்டைத் திறந்ததும் மாடியிலிருந்து பேபியின் குரல்தான் முதலில் வந்தது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று. அடுத்த நிமிஷம் செல்லம்மா கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். தகரப் பெட்டியைப் பார்த்தாள், தபீதாளைப் பார்த்தாள், இடுப்பில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"டீச்சரம்மாவா? இன்னா சார், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நில்லுங்க நில்லுங்க, அப்படியே வாசல்ல நில்லுங்க."

உள்ளே ஓடி, ஒரு சொம்புத் தண்ணீரும் டம்ளருமாகத் தடதடவென்று இறங்கி வந்தாள். பேபி அவள் பின்னாலேயே ஒவ்வொரு படியாகக் குதித்து வந்தாள்.

"வெய்யில்ல வந்து கீறீங்க. மொதல்ல தண்ணி குடிங்க. ராவெல்லாம் ரயில்ல குந்திக்கினு வந்தது, ஒடம்பு அசந்துபோயிருக்கும். நாசரேத்துலேந்து எத்தினி மணிக்குக் கெளம்பினீங்க?"

தபீதாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. காத்துக்கொண்டிருந்தாள். அவளே சொல்லிவிடுவாள் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார் சத்தியநாதன். அப்படிச் சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு நின்று தப்பித்திருக்கலாம். அவள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தபோது பெட்டியைக் கீழே வைத்தார்.

"நாசரேத்து இல்லீங்க" என்றார். "நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். சானடோரியத்துலேர்ந்து வர்றோம். ஏழு மாசமா அங்கதான் இருந்தா. இப்ப கொணமாயிடுச்சு. ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். சீட்டு இருக்கு."

சொல்லி முடித்ததும் தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. செல்லம்மாவின் சிரிப்பு அவள் முகத்திலேயே இருந்தது, அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. சீட்டை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்ட சத்தியநாதனின் விரலில் ரயில் டிக்கெட்தான் அகப்பட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

தபீதாள் செடியை மெல்லத் தரையில் வைத்தாள். தோள்பையில் கைவிட்டு, வார்டில் அவளுக்கென்று கொடுத்திருந்த எனாமல் குவளையை எடுத்தாள். அடிப்பக்கம் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதிய, விளிம்பில் நீலம் உதிர்ந்த குவளை. டம்ளரை அவள் கேட்கவில்லை. குவளையை இரண்டு கையாலும் பிடித்து, செல்லம்மாவுக்கு எட்டுகிற தூரத்தில் நீட்டினாள்.

செல்லம்மாவின் இடது கையிலிருந்து டம்ளர் விழுந்து உருண்டது. அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போய், பேபியின் தோளைத் தேடிப் பிடித்து, தன் கால்களுக்குப் பின்னால் இழுத்து அழுத்திக்கொண்டது. வலது கை சொம்போடு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அது கொஞ்சம் சாய்ந்தது. குவளைக்கு ஒரு சாண் மேலே, சொம்பின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் வந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது.